த்ரீ கார்டு போக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேசினோ மேசைகளில் புதிதாக உட்காருபவர்கள் அதிகம் தேடிப் போகும் ஆட்டம் இது. மூன்றே சீட்டு, ஐந்து நிமிடத்தில் விதிகள் பிடிபட்டுவிடும். ஆனால் எளிது என்பதாலேயே பலரும் கணக்கைப் பார்க்காமல் ஆடுகிறார்கள். உண்மையில் இந்த ஆட்டத்தில் உங்கள் மூளைக்கு வேலை இரண்டே இடத்தில்தான்: உட்காருவதற்கு முன் மேசையில் அச்சிட்டிருக்கும் பணப் பட்டியலைப் படிப்பது, சீட்டைப் பார்த்தபின் தொடர்வதா விடுவதா என்று முடிவெடுப்பது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டைப் பற்றியவை.

இது நிஜமான போக்கரா?

பெயரில் போக்கர் இருக்கிறது, கைகளின் (அதாவது கையிலுள்ள சீட்டுச் சேர்க்கைகளின்) வரிசையும் போக்கரைப் போல இருக்கிறது. அவ்வளவுதான். டெக்சாஸ் ஹோல்டம் என்ற வழக்கமான போக்கரில் நீங்கள் மற்ற ஆட்டக்காரர்களோடு மோதுகிறீர்கள். பொய்யாகப் பந்தயம் ஏற்றி எதிராளியைப் பயமுறுத்தலாம். இங்கே மேசையில் ஆறு பேர் இருந்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாக டீலரோடு, அதாவது கேசினோ சார்பில் சீட்டுப் போடுபவரோடு மட்டுமே மோதுகிறார்கள். டீலர் பயப்பட மாட்டார், யோசிக்கவும் மாட்டார். அவருக்கு எழுதிவைத்த விதி உண்டு, அதன்படி நடப்பார். முகபாவம், நடிப்பு எதற்கும் இங்கே விலை இல்லை.

யார் கண்டுபிடித்தது?

டெரெக் வெப் என்ற பிரிட்டிஷ் போக்கர் ஆட்டக்காரர், 1994இல். இங்கிலாந்தில் பல தலைமுறைகளாக ஆடப்படும் மூன்று சீட்டு 'பிராக்' ஆட்டத்தின் சாயல் இதில் தெளிவாகத் தெரியும். அமெரிக்கக் கேசினோக்களில் பிடித்துக்கொண்ட பிறகு, 1999இல் அங்குள்ள உரிமையைச் சீட்டுக் கலைக்கும் இயந்திரங்கள் செய்யும் ஷஃபிள் மாஸ்டர் நிறுவனத்துக்கு விற்றார்.

ஒரு பக்கத் தகவல். இதே வெப் பின்னாளில் பிரிட்டனின் தெருமுனைப் பந்தயக் கடைகளில் இருந்த சூதாட்ட இயந்திரங்களுக்கு எதிராகத் தன் பணத்தைச் செலவழித்துப் பிரசாரம் செய்தார். ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை கட்டலாம் என்றிருந்த உச்சவரம்பு 2019 ஏப்ரலில் 2 பவுண்டாகக் குறைந்தது.

ஆட்டம் எப்படி நடக்கும்?

52 சீட்டுள்ள ஒரே கட்டு, ஜோக்கர் கிடையாது. உங்கள் முன் மூன்று கட்டங்கள் இருக்கும்: ஆன்டி, பிளே, பேர் பிளஸ். சீட்டு வருவதற்கு முன் ஆன்டியில், அதாவது தொடக்கப் பந்தயமாக, சிப்ஸ் (பணத்துக்குப் பதிலான வில்லைகள்) வைக்கிறீர்கள். விரும்பினால் பேர் பிளஸிலும் வைக்கலாம். அது தனிப் பந்தயம், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்களுக்கு மூன்று சீட்டு, டீலருக்கு மூன்று சீட்டு. உங்களுடையதை நீங்கள் பார்க்கலாம். டீலருடையது கவிழ்ந்தே இருக்கும். இப்போது இரண்டு வழி. சீட்டைப் போட்டுவிடலாம், அதாவது ஃபோல்டு. ரம்மி ஆடுபவர்களுக்கு 'ஸ்கூட்' என்றால் புரியும். அப்படிச் செய்தால் ஆன்டி போய்விடும். இல்லையென்றால் ஆன்டிக்குச் சமமான தொகையை பிளே கட்டத்தில் வைத்துத் தொடரலாம். அதைவிடக் கூடவும் வைக்க முடியாது, குறைக்கவும் முடியாது.

அப்புறம் டீலர் தன் சீட்டைத் திருப்புவார். அவர் கையில் குறைந்தபட்சம் ஒரு ராணியாவது, அல்லது அதைவிடப் பெரிய கையாவது இருக்கவேண்டும். அப்போதுதான் அவர் 'குவாலிஃபை' ஆனார் என்று பொருள்.

டீலர் குவாலிஃபை ஆகாவிட்டால் என்ன நடக்கும்?

உங்கள் ஆன்டிக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். பிளே பணம் அப்படியே திரும்பி வரும், அதற்கு லாபம் இல்லை. உங்கள் கை என்னவாக இருந்தாலும் இதே கதைதான். 7-5-2 வைத்துக்கொண்டு தொடர்ந்திருந்தாலும் வென்றதாகவே கணக்கு.

டீலர் குவாலிஃபை ஆகி உங்கள் கை பெரிதாக இருந்தால் ஆன்டி, பிளே இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று. அவர் கை பெரிதென்றால் இரண்டும் போகும். இரண்டும் சமம் என்றால் இரண்டும் திரும்பும்.

ஆன்டி 500 ரூபாய் என்று வைத்துச் சில உதாரணங்கள் பார்ப்போம். உங்களிடம் ராஜா-9-4, டீலரிடம் ஜாக்-8-5: டீலர் குவாலிஃபை ஆகவில்லை, லாபம் 500. அதே ராஜா-9-4, டீலரிடம் ராணி-7-2: லாபம் 1000. அதே கை, டீலரிடம் இரண்டு 3: நஷ்டம் 1000. உங்களிடம் வேறு வேறு சின்னங்களில் 6-7-8, டீலரிடம் ஒரே சின்னத்தில் மூன்று சீட்டு: லாபம் 1500 (ஆன்டி, பிளே இரண்டுக்கும் 1000, பின்னால் சொல்லும் ஆன்டி போனஸ் 500). இந்தக் கடைசி உதாரணம் பலருக்கு இடிக்கும். அடுத்த கேள்வி அதுதான்.

ஸ்ட்ரெய்ட் எப்படி ஃபிளஷை ஜெயிக்கும்? போக்கரில் தலைகீழாக அல்லவா இருக்கும்?

ஐந்து சீட்டில் தலைகீழ்தான். மூன்று சீட்டில் எண்ணிக்கை மாறிவிடுகிறது. 52 சீட்டிலிருந்து மூன்றை எடுக்க மொத்தம் 22,100 வழிகள். அவை இப்படிப் பிரிகின்றன:

ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் அடுத்தடுத்த மூன்று) – 48
செட் (மூன்றும் ஒரே எண்) – 52
ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்து, சின்னம் கலந்து) – 720
ஃபிளஷ் (ஒரே சின்னம், வரிசை இல்லை) – 1,096
ஜோடி – 3,744
எதுவும் இல்லாத வெறும் கை – 16,440

அரிதாக வருவதுதான் பெரிய கை. ஃபிளஷ் ஏறத்தாழ 20 கைக்கு ஒரு முறை வரும், ஸ்ட்ரெய்ட் 31 கைக்கு ஒரு முறைதான். அதனால் ஸ்ட்ரெய்ட் மேலே. செட் சரியாக 425 கைக்கு ஒன்று. ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் 460 கைக்கு ஒன்று. நான்கில் மூன்று முறை உங்கள் கையில் ஜோடிகூட இருக்காது என்பதையும் இந்தப் பட்டியலிலிருந்து கவனித்துக்கொள்ளுங்கள். 'எனக்கு மட்டும் ஏன் நல்ல சீட்டே வரமாட்டேன் என்கிறது' என்று புலம்புபவருக்கும் அடுத்த நாற்காலிக்காரருக்கும் வருவது ஒன்றுதான்.

நான் தீன் பத்தி ஆடியிருக்கிறேன். அதுதானே இது?

உறவுக்காரர்கள்தான். நம் ஊர் மூன்று சீட்டு ஆட்டமான தீன் பத்தியும் பிரிட்டிஷ்காரர்களோடு வந்த பிராக் ஆட்டத்திலிருந்து கிளைத்தது என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் அந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தால் மூன்று இடத்தில் தடுமாறுவீர்கள்.

முதலாவது, தீன் பத்தியில் மூன்று ஒரே எண் வந்தால் அதற்கு மேல் கை கிடையாது. இங்கே ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் அதற்கும் மேல். மேலே சொன்ன 48, 52 எண்களைப் பார்த்தால் இந்த வரிசைதான் கணக்குக்குப் பொருந்துகிறது. இரண்டாவது, ஏஸ்-2-3. தீன் பத்தி ஆடும் பல இடங்களில் அது உச்ச வரிசை அல்லது இரண்டாவது. இங்கே அது வரிசைகளிலேயே கடைசி. ராஜா-ஏஸ்-2 வரிசையே அல்ல. மூன்றாவது, பிளைண்டாக ஆடுவது. தீன் பத்தியில் சீட்டைப் பார்க்காமல் ஆடுபவருக்குப் பாதித் தொகை கட்டும் சலுகை உண்டு, எதிரியையும் மிரட்டலாம். இங்கே பார்க்காமல் பிளே வைத்தால் எந்தச் சலுகையும் இல்லை, மிரட்ட ஆளும் இல்லை. அதன் விலை என்ன என்று கீழே எண்ணோடு இருக்கிறது.

எந்தக் கையில் தொடரவேண்டும், எதில் விடவேண்டும்?

ராணி-6-4 அல்லது அதைவிடப் பெரிய கை என்றால் தொடருங்கள். அதற்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். ஆட்டத்தின் முழு உத்தியும் இந்த ஒரு வரிதான்.

ஒப்பிடும் முறை: முதலில் பெரிய சீட்டு. ஏஸோ ராஜாவோ இருந்தால் மற்ற இரண்டையும் பார்க்கவே வேண்டாம், தொடருங்கள். ஜாக் அல்லது அதற்குக் கீழே இருந்து ஜோடி, வரிசை, ஒரே சின்னம் எதுவும் இல்லையென்றால், அதையும் யோசிக்காமல் விட்டுவிடுங்கள். ராணி இருந்தால் மட்டும் இரண்டாவது சீட்டைப் பாருங்கள். 7 அல்லது அதற்கு மேல் என்றால் தொடரலாம், ராணி-7-2 சரி. 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் விடவேண்டும். சரியாக 6 என்றால் மூன்றாவது சீட்டு 4 அல்லது 5 ஆக இருக்கவேண்டும். ராணி-6-3 என்றால் விட்டுவிடுங்கள்.

ஏன் சரியாக ராணி-6-4? யாரோ தோராயமாகச் சொன்ன கோடா?

இல்லை, கணக்குப் போட்டு வந்தது. காகிதத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஆன்டி 100 ரூபாய் என்று வைப்போம். விட்டுவிட்டால் நஷ்டம் 100, அது நிச்சயம். இப்போது உங்கள் கை படு மோசம், குவாலிஃபை ஆன டீலரை ஒருபோதும் ஜெயிக்காது என்று வைத்துக்கொண்டு, இருந்தும் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். டீலருக்கு ஜாக் அல்லது அதற்குக் கீழான வெறும் கை வரும் வழிகள் 6,720. அதாவது 30.4 சதவீதம் அவர் குவாலிஃபை ஆகமாட்டார். 100 ஆட்டத்தில் 30.4 முறை உங்களுக்கு 100 ரூபாய் லாபம், 69.6 முறை 200 ரூபாய் நஷ்டம். சராசரியாக ஆட்டத்துக்கு 108 ரூபாய் 80 காசு நஷ்டம். விட்டிருந்தால் 100 மட்டும்தான் போயிருக்கும். ஆக, தொடர்வதில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது: 8 ரூபாய் 80 காசு.

கை கொஞ்சம் பலமாக இருந்து, குவாலிஃபை ஆன டீலரை ஒரு முறை ஜெயித்தால், 200 நஷ்டம் 200 லாபமாக மாறும். வித்தியாசம் 400. அந்தப் பள்ளத்தை மூட, 100 ஆட்டத்தில் இரண்டே கால் முறைக்குச் சற்றுக் குறைவாக ஜெயித்தால் போதும். ராணியில் தொடங்கி ராணி-6-4க்குக் கீழே இருக்கும் வெறும் கைகள் எட்டு: ராணியோடு 3-2, 4-2, 4-3, 5-2, 5-3, 5-4, 6-2, 6-3. ஒவ்வொன்றும் 60 விதமாக வரலாம். மொத்தம் 480, அதாவது 2.17 சதவீதம். இதோடு டீலருக்கும் ராணி-6-4 வந்து சமனாகும் சிறு வாய்ப்பையும் சேர்த்தால் பள்ளம் மூடிவிடுகிறது. ராணி-6-3இல் ஒரு கை குறைகிறது, மூடவில்லை. உங்கள் கையில் இருக்கும் மூன்று சீட்டுகள் டீலருக்கு வர முடியாது என்பதால் இந்த எண்கள் துளி நகரும், முடிவு நகராது.

இதில் இன்னொரு விஷயமும் தெரியும். ராணி-6-4 வைத்துத் தொடர்ந்தாலும் சராசரி நஷ்டம் 99 ரூபாய் சொச்சம்தான். அது ஜெயிக்கும் கை அல்ல. 100 போவதற்குப் பதில் 99 போகிறது. தொடர்ந்து தோற்றதும் 'உத்தி தப்பு' என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உத்தியைச் சரியாகப் பின்பற்றினால் கேசினோவை ஜெயிக்கலாமா?

முடியாது. சரியாக ஆடினாலும் கேசினோவின் லாப விகிதம் ஆன்டியில் 3.37 சதவீதம். 500 ரூபாய் ஆன்டிக்கு ஆட்டத்துக்கு 17 ரூபாய் போல. இது நீண்டகாலச் சராசரி.

'ராணி இருந்தாலே தொடர்வேன்' என்று டீலரின் விதியையே பின்பற்றினால் 3.45 சதவீதம். வித்தியாசம் மிகச் சிறியது. ஆகவே 6-4 என்பதை மனப்பாடம் செய்யக் கஷ்டப்படுபவர்கள் ராணியை மட்டும் நினைவில் வைத்தாலும் பெரிதாக ஒன்றும் குறையாது என்பது என் கருத்து. உண்மையான தவறு பார்க்காமல் எல்லாக் கையிலும் பிளே வைப்பது. அப்போது லாப விகிதம் 7.65 சதவீதமாகிவிடுகிறது, இரண்டு மடங்குக்கும் மேல்.

சில இடங்களில் 2.01 சதவீதம் என்று போட்டிருக்கிறதே?

இரண்டும் ஒரே கணக்கின் இரு முகங்கள். சரியாக ஆடினால் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் பிளே வைப்பீர்கள், அதனால் ஒரு ஆட்டத்துக்கு மேசையில் இறங்கும் மொத்தப் பணம் சராசரியாக ஆன்டியைப் போல 1.67 மடங்கு. நஷ்டத்தை ஆன்டியால் வகுத்தால் 3.37, மொத்தப் பணத்தால் வகுத்தால் 2.01. எந்த எண்ணைக் காட்டி ஒருவர் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். ஆட்டத்தைப் புகழ்பவர்கள் சின்ன எண்ணைத்தான் சொல்வார்கள்.

இருவருக்கும் ஒரே மாதிரி மூன்று சீட்டு. பிறகு கேசினோவுக்கு எங்கிருந்து லாபம்?

இரண்டு இடத்திலிருந்து. நீங்கள் முதலில் முடிவெடுக்கவேண்டும். விட்டால் ஆன்டி அப்போதே போய்விடும், டீலரிடமும் குப்பைதான் இருந்தது என்றாலும் பயனில்லை. இன்னொன்று, உங்களுக்குப் பிரமாதமான கை வரும்போது டீலர் குவாலிஃபை ஆகாவிட்டால் பிளே பணத்துக்கு ஒரு பைசா லாபம் கிடைக்காது.

இந்த இரண்டையும் கொஞ்சம் ஈடுகட்டத்தான் ஆன்டி போனஸ் இருக்கிறது.

ஆன்டி போனஸ் என்றால்?

தனியாகப் பணம் வைக்கத் தேவையில்லை. ஸ்ட்ரெய்ட் வந்தால் ஆன்டியைப் போல ஒரு மடங்கு, செட்டுக்கு 4 மடங்கு, ஸ்ட்ரெய்ட் ஃபிளஷுக்கு 5 மடங்கு கூடுதலாகத் தருவார்கள். டீலர் உங்களை ஜெயித்தாலும் இது உண்டு.

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இது இல்லாவிட்டால் கேசினோவின் விகிதம் 3.37 அல்ல, 8.66 சதவீதம். போனஸ் மட்டும் 5.29 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது. அதனால் மேசையில் 1-4-5 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1-3-4 என்று இருந்தால் விகிதம் 3.83 ஆக ஏறிவிட்டது.

பேர் பிளஸ் வைக்கலாமா?

அது பட்டியலைப் பொறுத்தது. இந்தப் பந்தயத்துக்கும் டீலருக்கும் சம்பந்தமில்லை. உங்கள் கையில் ஜோடி அல்லது அதற்கு மேல் இருந்தால் பணம், இல்லாவிட்டால் போயிற்று. நான்கில் மூன்று முறை போகும்.

ஆரம்ப காலப் பட்டியல் இப்படி: ஜோடிக்கு 1, ஃபிளஷுக்கு 4, ஸ்ட்ரெய்ட்டுக்கு 6, செட்டுக்கு 30, ஸ்ட்ரெய்ட் ஃபிளஷுக்கு 40. இதில் கேசினோவின் விகிதம் 2.32 சதவீதம், ஆன்டியைவிடக் குறைவு. அந்தப் பட்டியல் கிடைத்தால் பேர் பிளஸ் மோசமான பந்தயமே அல்ல. ஆனால் இப்போது பல மேசைகளில் ஃபிளஷுக்கு 4 என்பதை 3 ஆக்கிவிட்டார்கள். ஒரே ஒரு எண்தான் மாறியிருக்கிறது, விகிதமோ 7.28 சதவீதத்துக்குத் தாவிவிட்டது. காரணம், ஃபிளஷ் 1,096 விதமாக வருவது; அடிக்கடி வரும் கையில் ஒன்றைக் குறைத்தால் மொத்தமும் ஆட்டம் காணும். ஃபிளஷை விட்டுவிட்டு ஸ்ட்ரெய்ட்டை மட்டும் 6இலிருந்து 5 ஆக்கினால் 5.57.

கவனிக்கவேண்டியது, ஸ்ட்ரெய்ட் ஃபிளஷுக்கான 40 பெரும்பாலான பட்டியல்களில் பளபளப்பாக அப்படியே இருக்கும். பெரும்பாலும் குறைப்பது நடுவில் இருக்கும் சாதுவான எண்களைத்தான். மேசையில் உட்காரும்போது கண் மேல் வரிக்குப் போகாமல் ஃபிளஷ் வரிக்குப் போகட்டும்.

சிக்ஸ் கார்டு போனஸ்?

உங்கள் மூன்று சீட்டும் டீலரின் மூன்றும் சேர்த்து ஆறில் சிறந்த ஐந்து சீட்டுப் போக்கர் கை எதுவோ அதற்குப் பணம். ராயல் ஃபிளஷுக்கு 1000 மடங்கு என்று போட்டிருப்பார்கள். செட் அல்லது அதற்கு மேல் வந்தால்தான் ஏதாவது கிடைக்கும், அது 7.28 சதவீத முறைதான் நடக்கும். பட்டியலுக்கு ஏற்ப கேசினோவின் விகிதம் 8.56, 10.22, 15.28 என்று போகிறது. என்னைக் கேட்டால் வேண்டாம்.

ஒரு மணி நேரத்தில் எவ்வளவு போகும்?

500 ரூபாய் ஆன்டி, மணிக்கு 50 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். சரியாக ஆடினால் சராசரி நஷ்டம் 840 ரூபாய் அளவில். இதோடு ஒவ்வொரு ஆட்டத்திலும் 7.28 சதவீதப் பட்டியலில் பேர் பிளஸும் 500 வைத்தால் அதற்குத் தனியாக 1,820. மொத்தம் 2,660. பக்கத்தில் வைத்த கொசுறுப் பந்தயம் முக்கியப் பந்தயத்தைவிட இரண்டு மடங்கு தின்கிறது.

இது சராசரிதான். ஆட்டத்துக்கு ஆட்டம் ஏற்ற இறக்கம் இதைவிட மிக அதிகம். 50 ஆட்டத்தில் ஆன்டி, பிளே மட்டும் வைத்தாலே பத்துப் பன்னிரண்டு ஆன்டி மேலேயோ கீழேயோ போவது சகஜம். எதிர்பார்க்கும் நஷ்டம் இரண்டு ஆன்டிகூட இல்லை. அதனால்தான் ஒரு மாலையில் பலர் லாபத்தோடு எழுந்து போகிறார்கள், அதைத் திறமை என்று நம்பியும் விடுகிறார்கள்.

தோற்றதும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால்?

இந்த ஆட்டத்துக்கு அது இன்னும் பொருத்தமில்லாத யோசனை. ஒவ்வொரு கையிலும் நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு 100க்கு 45 போல. ஏழு முறை தொடர்ந்து தோற்பது ஒன்றரை சதவீதம், அதாவது ஒரு மாலையில் பார்க்கக்கூடிய ஒன்றுதான். 500இல் தொடங்கி ஏழு முறை இரட்டித்தால் எட்டாவது ஆன்டி 64,000. அதற்குப் பிறகு நல்ல கை வந்தால் பிளேக்கு இன்னொரு 64,000 எடுத்து வைக்கவேண்டும். அதற்குள் மேசையின் உச்சவரம்பு உங்களை நிறுத்திவிடும்.

பிளாக்ஜாக்கில் போலச் சீட்டு எண்ணலாமா?

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது, பெரும்பாலும் இயந்திரத்தில். ஏற்கெனவே போன சீட்டுகளை வைத்து மீதியைக் கணிப்பதுதான் சீட்டு எண்ணுவது; இங்கே அப்படி எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாது. பக்கத்து ஆட்டக்காரர்களின் சீட்டைத் தெரிந்துகொண்டாலும் கேசினோவின் கை ஓங்கியே இருக்கும். தவிர, சீட்டைக் காட்டிப் பேசுவதைப் பல மேசைகளில் அனுமதிப்பதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. டீலரின் அஜாக்கிரதையால் அவருடைய ஒரு சீட்டு உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், அதைச் சரியாகப் பயன்படுத்துபவருக்கு 3.48 சதவீதம் சாதகம் வந்துவிடும். கேசினோக்களுக்கும் இது தெரியும். சீட்டை எப்படிப் பிடிக்கவேண்டும் என்று டீலர்களுக்குப் பயிற்சி தருவதும், மேலே கேமரா இருப்பதும் அதற்காகவும்தான்.

மற்ற கேசினோ ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இது எந்த இடத்தில் இருக்கிறது?

நடுவில். ஒற்றைப் பூஜ்ஜிய ரூலெட்டில் கேசினோவின் விகிதம் 2.70, இரட்டைப் பூஜ்ஜியத்தில் 5.26. பாக்கராவில் பேங்கர் பக்கம் 1.06. நல்ல விதிகளுள்ள மேசையில் சரியாக ஆடிய பிளாக்ஜாக் அரை சதவீதம் போல. போக்கர் பெயருள்ள ஆட்டங்களில் கரீபியன் ஸ்டட் ஆன்டியில் 5.22, அல்டிமேட் டெக்சாஸ் ஹோல்டம் 2.19, ஆனால் அதன் உத்தியைக் கற்க நிறைய நேரம் பிடிக்கும். குறைந்த உழைப்பில் நியாயமான விகிதம் வேண்டும் என்றால் த்ரீ கார்டு போக்கர் மோசமில்லை.

எங்கே சட்டப்படி ஆடலாம்?

இந்தியாவில் கேசினோவுக்கு அனுமதி உள்ள மாநிலங்கள் கோவாவும் சிக்கிமும். கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆகவே 'வீட்டிலிருந்தே த்ரீ கார்டு போக்கர்' என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்.

இந்தியக் கேசினோவில் ராணி-6-4 பற்றிக் கேட்பதற்கு முன் கேஷ் கவுண்டரில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஜிஎஸ்டி எப்படி? கேசினோக்களுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 40 ஆனது. 2023 அக்டோபர் முதல் அது சிப்ஸ் வாங்கக் கொடுக்கும் முழுத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது. அந்தச் சுமையை ஆட்டக்காரரிடம் எப்படி வாங்குகிறார்கள் என்பது கேசினோவுக்குக் கேசினோ மாறலாம். இதற்கு முன்னால் 3.37 சதவீதம் தூசு. ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி தனி. தோற்றதை அதில் கழிக்க முடியாது.

சிங்கப்பூரில் 2010 முதல் இரண்டு கேசினோக்கள் இயங்குகின்றன. வெளிநாட்டுக்காரர்களுக்கு நுழைவு வரி இல்லை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுக்கு 3,000 வெள்ளி கட்டவேண்டும். 25 வெள்ளி ஆன்டியில் சரியாக ஆடினால் ஆட்டத்துக்குச் சராசரி நஷ்டம் 84 காசுதான்; அந்த 150 வெள்ளி 178 ஆட்டத்தின் நஷ்டத்துக்குச் சமம், அதையும் வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறீர்கள்.

வீட்டில் ஒருவர் இதிலேயே மூழ்கிவிட்டால்?

சிங்கப்பூரில் சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம் விண்ணப்பித்து, ஒருவர் தன்னைத்தானே கேசினோவுக்குள் வரவிடாமல் தடை செய்துகொள்ளலாம். குடும்பத்தாரும் அவருக்காக விண்ணப்பிக்கலாம். மற்ற இடங்களிலும் உங்கள் பெயரைத் தடைப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று கேசினோவிடமே கேளுங்கள். இழந்ததை மீட்கக் கடன் வாங்கும் நிலை வந்திருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இதற்குச் சிகிச்சை உண்டு.

மேசையில் உட்காரும்போது தெரிந்திருக்கவேண்டிய நடைமுறைகள் ஏதாவது?

பணத்தை டீலரின் கையில் நீட்டாதீர்கள், மேசைமேல் வையுங்கள். அவர் எண்ணி சிப்ஸாக மாற்றித் தருவார். சீட்டை மேசைக்கு மேலேயே வைத்துப் பாருங்கள், மடிக்குக் கொண்டுபோகக் கூடாது. தொடர்வதென்றால் சீட்டைப் பிளே கட்டத்தில் கவிழ்த்து, பக்கத்தில் சிப்ஸ் வையுங்கள். சில இடங்களில் சீட்டின் மேலேயே வைக்கச் சொல்வார்கள். சீட்டு வர ஆரம்பித்ததும் ஆன்டி, பேர் பிளஸ் சிப்ஸைத் தொடக்கூடாது. பணப் பட்டுவாடாவில் சந்தேகம் இருந்தால் டீலர் சீட்டுகளை வாரி எடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள். அதன்பிறகு கேமராவைப் பார்த்துத்தான் தீர்க்கவேண்டியிருக்கும். மேசை முழுக்க உங்களுக்காகக் காத்திருக்கும்.